ஆட்கள் கிளம்பிப் போயும் காம்பியாவில் கூட்டம் ஏன் குறையவில்லை?

கேள்வி இதுதான்: காம்பியா என்ற சின்ன நாட்டிலிருந்து இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் படகேறி ஐரோப்பா போகிறார்கள் என்று செய்தி வருகிறது. ஆனால் அந்த நாட்டின் மக்கள்தொகை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. இது எப்படி? எப்போது நிற்கும்?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு நாட்டின் மக்கள்தொகை இரண்டு வழியில் மாறும். பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்தால் வருவது இயற்கை வளர்ச்சி. வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்தால் வருவது குடிபெயர்வு. செய்தியில் கண்ணில் படுவது இரண்டாவதுதான். படகு, பாலைவனம், லிபியா என்று அதற்குப் படம் காட்ட முடியும். முதலாவது தினமும் வீட்டுக்குள் நடக்கிற விஷயம், அதற்குக் கேமரா போகாது. கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது.

2016-ல் கடல் கடந்து இத்தாலியில் இறங்கிய காம்பியர்கள் சுமார் 12,000 பேர். அந்த ஓட்டத்தின் உச்ச வருடங்களில் அது ஒன்று. உள்ளூரில் இந்தப் பயணத்துக்கு ‘பேக்வே’ என்று பெயர், புழக்கடை வழி என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது நாட்டின் மக்கள்தொகை ஏறக்குறைய 20 லட்சம். இவ்வளவு சின்ன நாட்டுக்கு 12,000 என்பது பெரிய எண்தான். ஆனால் அதே வருடம் பிறந்தவர்களிலிருந்து இறந்தவர்களைக் கழித்துப் பார்த்தால் கூடியவர்கள் சுமாராக 50,000-க்கு மேல். அதாவது வாசல் வழியாக ஒருவர் போனால் தொட்டிலில் நான்கைந்து பேர். அதோடு செனகல், கினி, மாலி பக்கமிருந்து உள்ளே வருகிறவர்களும் உண்டு. அப்புறம் எப்படிக் குறையும்?

நாட்டைப் பற்றி இரண்டு வரி. ஆப்பிரிக்கக் கண்டத்தின் பெருநிலத்தில் இதைவிடச் சின்ன நாடு கிடையாது. பரப்பு சுமார் 11,300 சதுர கிலோமீட்டர், அதிலும் ஒரு பங்கு ஆற்றுத் தண்ணீர். காம்பியா ஆற்றின் இரு கரையையும் ஒட்டி நீளமாகக் கிழித்துப்போட்ட துணி மாதிரி கிடக்கும். கடற்கரையைத் தவிர மற்ற எல்லாப் பக்கமும் செனகல். 1965 பிப்ரவரியில் பிரிட்டனிடமிருந்து விடுதலை. மண்டிங்கா, ஃபுலா, ஓலோஃப், ஜோலா, செராஹுலே என்று பல இனங்கள். பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். வயலில் நிலக்கடலை.

இனி எண்கள். 1963 கணக்கெடுப்பில் 3.15 லட்சம் பேர். 1973-ல் 4.93 லட்சம், 1983-ல் 6.88 லட்சம், 1993-ல் 10.38 லட்சம், 2003-ல் 13.6 லட்சம், 2013-ல் 18.6 லட்சம். கடைசியாக 2024-ல் எடுத்த கணக்கின் முதல் முடிவு 24.2 லட்சம். அறுபது வருடத்தில் ஏழரை மடங்குக்கும் மேல்.

இந்த வரிசையை அப்படியே இயற்கை வளர்ச்சி என்று படிப்பதுதான் பலர் செய்கிற தவறு. 1983-க்கும் 1993-க்கும் இடையே ஆண்டுக்கு 4 சதவீதத்துக்கு மேல் வளர்ந்திருக்கிறது. பிறப்பை மட்டும் வைத்து அந்த எண்ணை எட்டவே முடியாது. ஆயிரம் பேருக்கு 48 பிறப்பு, 15 இறப்பு என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 3.3 சதவீதம்தான் தேறும். மீதி எங்கிருந்து வந்தது? தெற்கே செனகலின் கசமான்ஸ் பகுதியில் 1982 முதல் பிரிவினைப் போராட்டம். 1989-ல் லைபீரியாவில் உள்நாட்டுப் போர், 1991-ல் சியரா லியோனில். ஓடி வந்தவர்களில் ஒரு பகுதியினர் இங்கே தங்கினார்கள். அதற்கு முன்பிருந்தே இன்னொரு பழக்கமும் உண்டு. கடலைப் பருவத்தில் மாலி, கினி, செனகலிலிருந்து ஆட்கள் வந்து, ஒரு வீட்டில் தங்கி, வாரத்தில் சில நாள் அந்த வீட்டுக்காரரின் நிலத்தில் உழைத்துவிட்டு, மற்ற நாளில் அவர் கொடுத்த துண்டு நிலத்தில் தங்களுக்கென்று பயிர் வைப்பார்கள். பலர் அறுவடை முடிந்ததும் திரும்பிவிடுவார்கள். சிலர் அங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிடுவார்கள். அவர்களின் பிள்ளைகள் அடுத்த கணக்கெடுப்பில் ‘இயற்கை’ப் பக்கம் சேர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் போட்ட கோடு அவ்வளவு சுத்தமானது இல்லை.

சரி, இயற்கை வளர்ச்சிக்கு வருவோம். காம்பியப் பெண்கள் திடீரென்று அதிகமாகப் பெற்றுக்கொள்ள ஆரம்பித்ததால் மக்கள்தொகை பெருகவில்லை. அவர்களுடைய பாட்டிகளும் அதே அளவு பெற்றவர்கள்தான். பிறந்த பிள்ளைகள் சாகாமல் இருந்தன, அவ்வளவுதான் நடந்தது.

இதைச் சும்மா ஊகமாகச் சொல்லவில்லை. காம்பியாவில் ஒரு ஊர் இருக்கிறது, கெனெபா என்று பெயர், ஆற்றின் தென்கரையில் மேற்குக் கியாங் பகுதியில். 1949-ல் இயன் மெக்ரெகர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் அங்கே போனார். மலேரியா ஆய்வாளர், பிரிட்டன் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்தவர். கெனெபாவிலும் பக்கத்து ஊர்களிலும் யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள், எடை என்ன, ரத்தத்தில் என்ன என்று வருடா வருடம் எழுதி வைக்க ஆரம்பித்தார். அந்தப் பதிவு நிற்காமல் இன்றுவரை தொடர்கிறது. கிராமப்புற ஆப்பிரிக்காவில் இவ்வளவு நீண்ட பிறப்பு இறப்புப் பதிவு அபூர்வம். தொடக்க காலப் பக்கங்களைப் பார்த்தால் மனசு கனத்துப் போகும். பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதி, ஐந்து வயதுக்குள் போய்விட்டது. மலேரியா, வயிற்றுப்போக்கு, நிமோனியா. அதிலும் மழைக்காலத்தில், ஜூலை முதல் செப்டம்பர் வரை. போன வருடத் தானியம் தீர்ந்து, புதுசு இன்னும் வராத மாதங்கள் அவை. கர்ப்பிணிகள் குனிந்து களை எடுத்துக்கொண்டிருக்கும் நேரமும் அதுதான், கொசு பெருகும் நேரமும் அதுதான். அந்தப் ‘பசி மாதங்களில்’ பிறக்கும் குழந்தைக்கு எடை குறையும். பசி மாதங்களிலோ அதை அடுத்தோ பிறந்தவர்கள் வளர்ந்து ஆளான பிறகும் மற்றவர்களைவிட இளவயதில் இறந்தார்கள் என்று, இதே ஊரின் பதிவை வைத்து 1997-ல் ஓர் ஆய்வு வந்தது. ஏட்டில் வருடா வருடம் எழுதி வைத்ததன் பலன் அது.

1970-களின் நடுவில் கெனெபாவில் எப்போதும் ஆள் இருக்கிற இலவச மருத்துவமனை வந்தது. குழந்தை இறப்பு மளமளவென்று சரிந்தது. ஆனால் கெனெபா ஒரு விதிவிலக்கு, ஆராய்ச்சிக்காரர்கள் குடியிருக்கும் ஊர். நாட்டின் மற்ற பகுதிகளில் மாற்றம் மெதுவாக, வேறு வழிகளில் வந்தது. 1980-களின் தொடக்கத்தில் 400 பேருக்கு மேல் இருக்கிற கிராமங்களுக்கு ஒரு கிராம சுகாதாரப் பணியாளர், பயிற்சி பெற்ற ஒரு மருத்துவச்சி என்று திட்டம் போட்டார்கள். தடுப்பூசி பரவியது. பூச்சிமருந்தில் நனைத்த கொசுவலை குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு உலகத்துக்கே முதல் வலுவான ஆதாரம் 1991-ல் காம்பியாவிலிருந்துதான் வந்தது. மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் உண்டாக்கும் ஹிப் கிருமிக்கான தடுப்பூசியை வழக்கமான அட்டவணையில் சேர்த்த முதல் ஆப்பிரிக்க நாடுகளில் ஒன்று இது, வருடம் 1997. ஏழை நாடுதான், ஆனால் தடுப்பூசி விஷயத்தில் கெட்டிக்கார நாடு. அதற்கான மதிப்பு இதற்குக் கிடைப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

இதன் பலனை எண்ணில் சொன்னால்: விடுதலை சமயத்தில் ஆயிரம் பேருக்குச் சுமார் 50 பிறப்பு, 30 பக்கத்தில் இறப்பு. வளர்ச்சி 2 சதவீதம். பின்பு இறப்பு இறங்கிக்கொண்டே போனது, பிறப்பு முப்பது வருடம் அசையவே இல்லை. இடைவெளி 3 சதவீதத்துக்கு விரிந்தது. இப்போது பிறப்பு 32-ஐ ஒட்டி, இறப்பு 7-ஐ ஒட்டி. வளர்ச்சி 2.5 சதவீதம். கவனியுங்கள், பிறப்பு விகிதம் 50-லிருந்து 32-க்கு விழுந்தும், இயற்கை வளர்ச்சி விகிதம் விடுதலை காலத்தைவிட அதிகம். இறப்பு அதைவிட ஆழமாக விழுந்துவிட்டது.

பிறப்பு ஏன் அவ்வளவு காலம் அசையவில்லை? ‘படிப்பறிவு இல்லை, மதம் தடுக்கிறது’ என்று ஒற்றை வரியில் பதில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதில் பாதிதான் உண்மை. வடகரைக் கிராமங்களில் 1990-களில் வேலை செய்த ஓர் அமெரிக்க மானுடவியலாளர் விநோதமான ஒரு விஷயத்தைக் கவனித்தார். கருத்தடை ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் சிலர், அப்போதுதான் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், அல்லது கரு கலைந்தவர்கள். நம் கணக்குப்படி அவர்கள்தானே அடுத்த பிள்ளைக்கு அவசரப்பட வேண்டும்? அவர்களைக் கேட்டால் வேறு பதில். போன பிரசவம் உடம்பை முறித்துப்போட்டுவிட்டது, கொஞ்சம் ஓய்வு கொடுத்துத் தேற்றிக்கொண்டால்தான் அடுத்தது நல்லபடி பிறக்கும் என்றார்கள். அவர்கள் பார்வையில், ஒரு பெண்ணுக்கு எத்தனை பிள்ளை என்பது ஆண்டவன் கொடுத்த கணக்கு, அதை மனிதர் குறைக்க முடியாது. ஆனால் உடம்பு தேய்ந்துவிட்டால் அந்தக் கணக்கு முடியும் முன்பே எல்லாம் முடிந்துவிடும். வயது ஏறுவது வருடத்தால் இல்லை, ஒவ்வொரு கஷ்டமான பிரசவத்தாலும்தான். ஆக அவர்கள் ஊசி போட்டது குறைவாகப் பெற அல்ல, முழுசாகப் பெற.

இது புரிந்தால் அடுத்ததும் புரியும். ஒரு பிள்ளை பால் மறக்கும் முன்பே அடுத்ததைச் சுமப்பது அங்கே வெட்கக்கேடு. இரண்டு வருடம் பால் கொடுப்பது குர்ஆனே சொல்வது. அதனால் ‘இடைவெளி விடு’ என்றால் இமாமும் தலையாட்டுவார், மாமியாரும் தலையாட்டுவார். ‘நிறுத்து’ என்றால் யாரும் ஆட்ட மாட்டார்கள். 2013 தேசிய ஆய்வில் மணமான பெண்களில் ஏதாவது கருத்தடை முறையைப் பயன்படுத்தியவர்கள் 9 சதவீதம்தான். 2019-20 ஆய்வில் 19 சதவீதம். இரண்டு மடங்கு ஆனது, ஆனால் இன்னும் ஐந்தில் ஒருவர்கூட இல்லை.

பிள்ளை இல்லாதவளின் நிலைமையையும் பார்க்க வேண்டும். மண்டிங்கா, ஜோலா ஊர்களில் ‘கன்யெலெங்’ என்று ஒரு பெண்கள் கூட்டம் உண்டு. பிள்ளை பிறக்காதவர்களும், பிறந்து பிறந்து பறிகொடுத்தவர்களும் சேர்கிற கூட்டம். கந்தலை மாட்டிக்கொண்டு, கோமாளித்தனம் செய்து, பச்சையாகப் பாட்டுப் பாடி, ஆடி, பிச்சை எடுப்பார்கள். மற்ற பெண்கள் வாயில் எடுக்கக் கூசுகிற பேச்செல்லாம் இவர்கள் பேசலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆண்டவன் மனம் இளகட்டும், கெட்ட ஆவி ஏமாறட்டும் என்பதற்கு அது. பக்கத்தில் ஓலோஃப் மொழி பேசுகிறவர்கள், முந்திய பிள்ளைகள் இறந்த வீட்டில் பிறக்கும் குழந்தைக்கு ‘கென் புகுல்’ என்று பெயர் வைப்பதுண்டு. ‘யாருக்கும் வேண்டாதது’ என்று அர்த்தம். இதைப் படித்ததும் நம் ஊர்க் குப்பம்மாளும் பிச்சையும் ஞாபகம் வருவார்கள். அதே பயம், அதே தந்திரம். பிள்ளைச் சாவு வீட்டுக்கு வீடு இருந்த காலத்தில்தான் இந்தப் பெயர்கள் பிறக்கும். இங்கே அவை தாத்தா பாட்டி பெயராகிவிட்டன, அங்கே அந்தக் காலம் முடிந்து இன்னும் ரொம்ப நாள் ஆகவில்லை. பாதிப் பிள்ளை போகும் என்ற நினைப்பில் வளர்ந்த தாய், போகாது என்று நம்பிக் குறைத்துப் பெற ஒரு தலைமுறை பிடிக்கத்தான் செய்யும். சுவாரசியம் என்னவென்றால், இன்று கன்யெலெங் பெண்களைத்தான் தடுப்பூசி, தாய்ப்பால் பிரசாரத்துக்குச் சுகாதாரத் துறை கூப்பிடுகிறது. அவர்கள் பாடினால் ஊர் கேட்கும்.

இப்போது குறைய ஆரம்பித்துவிட்டது. ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகள் 2013 ஆய்வில் சராசரி 5.6. 2019-20-ல் 4.4. ஆறேழு வருடத்தில் இவ்வளவு சரிவு என்றால் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன், ஆய்வுக்கு ஆய்வு கேள்வி கேட்கும் விதத்தில் வரும் பிசகும் அதில் கலந்திருக்கலாம். ஆனால் திசையில் சந்தேகமில்லை. நகரத்தில் நான்குக்கும் கீழே, கிராமத்தில் ஆறை ஒட்டி. பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், தொடக்கப் பள்ளியில் பையன்களுக்குச் சமமாக, சில இடத்தில் அதிகமாகவே. கல்யாணம் தள்ளிப் போகிறது. 18 வயதுக்குள் கல்யாணம் செய்வதை 2016-ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். சட்டத்தைவிடப் பள்ளிக்கூடமும் நகரத்து வாடகையும்தான் அதிகம் வேலை செய்கின்றன என்பேன்.

அப்படியானால் வளர்ச்சி நிற்க வேண்டாமா? நிற்காது. ஒரு பாட்டி ஆறு பெற்றாள், அதில் மூன்று பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று பேரும் அம்மாவைவிடக் குறைத்து ஆளுக்கு நான்கு பெற்றால் மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொருத்தியும் குறைத்துவிட்டாள், வீடு மட்டும் இரட்டிப்பாகிவிட்டது. காம்பியாவின் மக்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் 15 வயதுக்குக் கீழே. இனி தாயாகப் போகிறவர்கள் ஏற்கெனவே பிறந்துவிட்டவர்கள். அவர்கள் இன்றே இரண்டோடு நிறுத்த முடிவு செய்தாலும் மக்கள்தொகை பல பத்தாண்டுகள் ஏறும். மக்கள்தொகையியலில் இதற்கு உந்தம் என்று பெயர். வண்டிக்கு பிரேக் போட்ட பிறகும் கொஞ்ச தூரம் உருண்டு போகுமே, அதுதான். 2.5 சதவீதம் அப்படியே நீடித்தால் 28 வருடத்தில் இரண்டு மடங்கு. விகிதம் இறங்கும் என்பதால் அவ்வளவு சீக்கிரம் ஆகாது என்று நினைக்கிறேன். ஆனால் இந்த நூற்றாண்டின் நடுவில் நாற்பது லட்சத்துக்குப் பக்கம் போனால் ஆச்சரியப்பட மாட்டேன்.

இறப்புப் பக்கத்திலும் ஒரு சிக்கல். ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் 2013 ஆய்விலும் 2019-20 ஆய்விலும் ஆயிரத்துக்கு 55-ஐச் சுற்றியே நின்றது. பிரசவத்தில் இறக்கும் தாய்மார் லட்சம் பிறப்புக்கு 433-லிருந்து 289-ஆகக் குறைந்தார்கள், ஆனால் சிசுக்கள் பக்கம் அதே முன்னேற்றம் இல்லை. தடுப்பூசியும் கொசுவலையும் தடுக்கக்கூடியதைத் தடுத்துவிட்டன. மிச்சத்தில் ஏறக்குறைய பாதி, பிறந்த முதல் மாதத்து இறப்பு. அதற்கு ஊசி போதாது. மின்சாரம் நிற்காத பிரசவ அறை வேண்டும், ராத்திரியில் ஆற்றைக் கடக்கப் படகு வேண்டும். இந்த விகிதங்களில் தெரியாமலே போன ஒரு துக்கமும் உண்டு. 2022-ல் இருமல் சிரப் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து சுமார் 70 குழந்தைகள் இறந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்த அந்த சிரப்புகள் இந்தியாவில் தயாரானவை. வருடத்துக்கு எழுபதாயிரத்துக்கு மேல் பிறக்கும் நாட்டின் புள்ளிவிவரத்தில் எழுபது ஒரு புள்ளிகூட ஆகாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இணையத்தில் தேடினால் குழப்பம் வரும். ஐ.நா. மதிப்பீட்டில் 2024-ல் காம்பியாவின் மக்கள்தொகை 27 லட்சத்துக்கும் மேல். அதே வருடம் வீடு வீடாக எண்ணியபோது 24.2 லட்சம். மூன்று லட்சத்துக்கு மேல் வித்தியாசம். ஐ.நா. பழைய கணக்கெடுப்பையும் ஆய்வுகளையும் வைத்து முன்னோக்கிக் கணித்தது. கணக்கெடுப்பு நேரடியாக எண்ணியது, எண்ணும்போது விட்டுப்போனவர்களும் இருப்பார்கள். பிறப்பு இறப்புப் பதிவு முழுமையாக இல்லாத நாட்டில் இப்படித்தான் நடக்கும். கெனெபாவிலும், 1981 முதல் இதே மாதிரிப் பதிவு நடக்கும் வடகரை ஊரான ஃபராஃபெனியிலும் கிடைக்கும் துல்லியம் நாடு முழுக்கக் கிடையாது. நான் விகிதத்துக்கு ஆய்வையும், தலை எண்ணிக்கைக்குக் கணக்கெடுப்பையும் எடுத்துக்கொள்வேன்.

கடைசியாக, இந்தக் கூட்டம் எங்கே போகிறது என்பது. தலைநகர் பாஞ்சுல் சுருங்குகிறது. ஆற்று முகத்தில் சிறு தீவு மாதிரி இருக்கும் அந்த ஊரில் 1983-ல் 44,000 பேர், 2013-ல் 31,000 பேர். பெருகுவதெல்லாம் பக்கத்திலிருக்கும் செரெகுண்டாவைத் தாண்டி பிரிகாமா வரை நீளும் மேற்குக் கரைப் பகுதியில்தான். நாட்டு மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இப்போது அந்த மேற்குக் கரைப் பகுதியில் மட்டும். நேற்றுவரை முந்திரித் தோப்பாகவும் வயலாகவும் இருந்த இடமெல்லாம் சுற்றுச்சுவர் எழுப்பிய மனைகள், பல வீடுகள் வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் பணத்தில் ஓர் அறை ஓர் அறையாக ஏறுகின்றன. கொம்போ என்கிற இந்தக் கடலோரப் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் இடம் போதாமல் இரண்டு ஷிப்ட். காலையில் வந்த பிள்ளைகள் மதியம் எழுந்து போக, அதே பெஞ்சில் அடுத்த கூட்டம் வந்து உட்கார்கிறது.